அரண்மனையை ஹோட்டலாக்கும் வேலை: குளியலறையில்தான் தொடங்க வேண்டுமா?

#1 மதில்மேல்

ராஜஸ்தான் பக்கத்து டிகானா (மன்னருக்குக் கீழிருந்த பிரபுவின் நிலப்பகுதி) மாளிகை ஒன்றை எடுத்துக்கொள்வோம். 18-ஆம் நூற்றாண்டுக் கட்டடம், தரைத்தளத்துக்கு மேல் இரண்டு மாடி, நடுவில் இரண்டு முற்றம். சுவர் கல், பூச்சு சுண்ணாம்பு, கூரை கற்பலகை. 20, 22 அறை தேறும். இதை மரபு ஹோட்டலாக மாற்ற வேண்டுமென்றால் வேலையை எந்த வரிசையில் செய்வது? முகப்பையும் ஓவியங்களையும் சீர்செய்து திறந்துவிட்டு, மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பலர் சொல்கிறார்கள். இந்த வேலை தெரிந்தவர்கள் அளவுகளோடு எழுதினால் உதவியாக இருக்கும்.

#2 நீர்வழி

முகப்பு கடைசி. தண்ணீர் எங்கிருந்து வந்து எந்த வழியாக வெளியேறும் என்பதுதான் முதல் வரைபடம். ஓவியத்தைச் சீர்செய்துவிட்டு மேல்மாடியில் குளியலறை வைத்தால், முதல் கசிவு அந்த ஓவியத்தின் மேல்தான் இறங்கும்.

18-ஆம் நூற்றாண்டு மாளிகையில் படுக்கையறையோடு ஒட்டிய குளியலறை கிடையாது. 22 அறை என்றால் 22 குளியலறையைப் புதிதாக நுழைக்க வேண்டும். இங்கே கழிவுக் குழாயின் சரிவைத்தான் முதலில் கணக்குப் போட வேண்டும். 110 மி.மீ. குழாய்க்கு 40-க்கு 1 சரிவு கொடுத்தால், செங்குத்துக் குழாயிலிருந்து 12 மீட்டர் தள்ளி இருக்கும் குளியலறைக்கு 30 செ.மீ. இறக்கம் தேவை. கூரைக் கல்லைக் குடைய முடியாது. ஆகவே அந்த 30 செ.மீட்டரைத் தரையை உயர்த்தித்தான் எடுக்க வேண்டும். வாசலில் இரண்டு படி வந்துவிடும். அதனால் குழாய் இறங்கும் இடங்களை முதலில் முடிவு செய்துவிட்டு, அதிலிருந்து 3, 4 மீட்டருக்குள் குளியலறை வருமாறு அறைகளைப் பிரிக்க வேண்டும். நடைமுறையில் பெரும்பாலோர் அறையை முதலில் பிரிக்கிறார்கள், குழாயை அப்புறம் தேடுகிறார்கள்.

குழாய் இறக்க நல்ல இடம் வேலைக்காரர் நடந்த பின்கட்டு முற்றம். பழைய மழைநீர்த் தூம்பு இறங்கும் மூலையும் சில இடங்களில் கிடைக்கும். ஜரோக்கா (வெளியே நீண்ட ஜன்னல் மாடம்) இருக்கிற வெளிச்சுவரில் குழாய் ஏறக்கூடாது. சுவருக்குள் காடி வெட்டிப் புதைப்பதும் கூடாது. கசிந்தால் கண்டுபிடிக்கச் சுவரைத்தான் உடைக்க வேண்டியிருக்கும். கைவிட்டுப் பழுதுபார்க்கக் கதவு உள்ள குழாய்ப்பெட்டிதான் சரி.

அடுத்தது சுடுநீர். 25 மி.மீ. உள்விட்டமுள்ள குழாய் 40 மீட்டர் ஓடினால் அதற்குள் ஏறக்குறைய 20 லிட்டர் ஆறிய நீர் நிற்கும். நிமிடத்துக்கு 8 லிட்டர் வரும் ஷவரில் இரண்டரை நிமிடம் பச்சைத்தண்ணீர்தான். ஜனவரி மாதத்து ராஜஸ்தான் காலையில் விருந்தாளிக்கு அது பெரிய குறை. ஆறிய நீரைச் சூடாக்கும் இடத்துக்கே கொண்டுபோகும் திரும்பு குழாயும் ஒரு சிறு சுழற்சிப் பம்பும் வைத்து, வெப்பக்காப்பு சுற்றினால் சரியாகிவிடும். இதைப் பின்னால் சேர்க்க முடியாது. முதல் வரைபடத்திலேயே இருக்க வேண்டும்.

#3 மதில்மேல்

நன்றி ஐயா. மொட்டைமாடியில் தொட்டி வைத்து இறக்கினால் பம்புச் செலவு மிச்சம் என்கிறார்களே? தினமும் எவ்வளவு தண்ணீர் பிடிக்கும்?

#4 கல்தச்சன்

நீர்வழி சொல்வதற்கு முன் நான் குறுக்கிடுகிறேன், ஏனென்றால் இது பாரம் பற்றிய கேள்வி.

ஹோட்டல் வடிவமைப்பில் ஒரு கட்டிலுக்கு நாளுக்கு 180 முதல் 320 லிட்டர் வரை எடுப்பார்கள். விடுதி உயர உயர அளவும் கூடும். 22 அறை, 44 கட்டில், 320 லிட்டர் என்றால் 14,080 லிட்டர். சமையல், சலவை, தோட்டம் தனி. அந்தக் குளியல் நீர் மட்டுமே 14 டன். அந்த எடையைப் பழைய கூரைமேல் ஏற்ற வேண்டாம். தொட்டி தரைக்குள், அழுத்தத்துக்குப் பம்பு, கூரையில் ஒன்றும் இல்லை.

ராஜஸ்தான் கூரை பெரும்பாலும் 'பட்டி' என்கிற மணற்கல் பலகை. சுவருக்குச் சுவர் இரண்டு, மூன்று மீட்டர் தாங்கும். அதன்மேல் சுண்ணாம்புக் கான்கிரீட். கல் அழுத்தத்தைத் தாங்கும், வளைவைத் தாங்காது. மரம் முனகும், இரும்பு தொய்யும், பட்டி எந்த எச்சரிக்கையும் தராமல் இரண்டாகும். அதனால் குளியலறைத் தரையை உயர்த்தும்போது செங்கல் ஜல்லி நிரப்பக்கூடாது. 30 செ.மீ. நிரப்பினால் சதுர மீட்டருக்கு 540 கிலோ. தண்ணீரும் மனிதருமாக நிறைந்த குளியல் தொட்டி இன்னொரு 350 முதல் 400 கிலோ. இரும்புக் கால்களில் நிற்கும் பலகைத் தரை போதும். அந்தக் கால்கள் பட்டியின் நடுவில் உட்காராமல், சுவரிலிருந்து சுவருக்குப் போகும் உத்திரத்தில் உட்கார வேண்டும்.

கூரையில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. ஒவ்வொரு தலைமுறையும் ஒழுகலை அடைக்க மேலே மேலே சிமெண்டும் தாரும் போட்டிருப்பார்கள். 5 செ.மீ. சிமெண்ட் அடுக்கை எடுத்தாலே சதுர மீட்டருக்கு 110 கிலோ குறையும். பழைய அடுக்கை எடுக்காமல் புதிய அடுக்கு போடவே கூடாது.

#5 காளவாய்

கல்தச்சன் அண்ணே சொன்னது அத்தனையும் சரி. நான் பூச்சைப் பத்திச் சொல்றேன்.

சுட்ட சுண்ணாம்பு வாங்கின கையோட நீத்தி, மறுநாள் பூசுறது பெரிய தப்பு. உள்ளே நீறாத கட்டி இருக்கும். சுவர்ல ஏறின பிறகு அது ஈரம் குடிச்சு ஊதும், பூச்சுல பொட்டுப் பொட்டா வெடிச்சு விழும். நீத்தின சுண்ணாம்பைச் சல்லடையில வடிகட்டி, தண்ணி மூடி நிக்கிற மாதிரி குழியில விடணும். அடிப்பூச்சுக்கு மூணு வாரம் போதும். மேல்பூச்சுக்கு மாசக்கணக்கு. ஜெய்ப்பூர் 'அராயிஷ்' (பளபளன்னு தேய்ச்ச சுண்ணாம்புப் பூச்சு) வேலைக்காரங்க அதையும் தாண்டி வைப்பாங்க, நடுவுல தயிர் சேர்த்துத் தண்ணி மாத்திக்கிட்டே இருப்பாங்க, வெல்லமும் சேரும். நம்ம செட்டிநாட்டுல கடுக்காயும் கருப்பட்டியும் ஊறப்போட்ட தண்ணி, முட்டை வெள்ளைக்கரு. ஊருக்கு ஊர் பொருள் வேற, பொறுமை ஒண்ணுதான்.

அடிப்பூச்சு ஒரு பங்கு சுண்ணாம்புக் களிக்கு மூணு பங்கு மணல், இல்லேன்னா மணல்ல பாதிக்குச் சுர்க்கி (செங்கல் தூள்). ஒரு தடவைக்கு 10, 12 மி.மீட்டருக்கு மேல ஏத்தாதீங்க. கனமா ஏத்தினா மேல்தோல் காஞ்சு வெடிக்கும், உள்ளே பச்சையாவே இருக்கும். ஒரு பூச்சுக்கும் அடுத்ததுக்கும் ஏழெட்டு நாள். ராஜஸ்தான் வெயில்காத்து ரொம்பக் கெட்டது. சுண்ணாம்பு காத்துல இருக்கிற கரியமில வாயுவை இழுத்துத்தான் கல்லாகும், அதுக்கு ஈரம் வேணும். ஈரம் ஒரே நாள்ல போயிட்டா பூச்சு மாவா உதிரும். நனைச்ச சாக்கு தொங்கவிட்டே ஆகணும். முடிஞ்சா ஏப்ரல், மே, ஜூன் பூச்சு வேலையே வேண்டாம்.

இறுகிடுச்சான்னு பார்க்க ஒரு வழி: ஓரத்துல சின்னதா உடைச்சு, உடைஞ்ச முகத்துல பினாப்தலீன் (ஆய்வகத்துல பயன்படுற நிறங்காட்டி) துளி விடுங்க. ரோஜா நிறமாச்சுன்னா இன்னும் பச்சை. நிறம் மாறலைன்னா கல்லாயிடுச்சு. அராயிஷ்ல பளபளப்பு வர்றது பளிங்குத்தூளும் அகேட் கல்லால தேய்க்கிற தேய்ப்பும்தான், வார்னிஷ் இல்ல. மேல வார்னிஷ் அடிச்சா சுவர் மூச்சுவிடாது.

#6 இரும்புக்கம்பி

சுண்ணாம்பு நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் 22 அறைக்கும் இந்த வேகத்தில் போனால் திறப்பு விழா எப்போது? கடன் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். வெளியே தெரியாத பின்கட்டுச் சுவருக்கு 1:6 சிமெண்ட் (ஒரு பங்கு சிமெண்டுக்கு ஆறு பங்கு மணல்) பூசினால் என்ன கெட்டுவிடும்?

#7 கல்தச்சன்

@இரும்புக்கம்பி, வட்டிக் கவலை நியாயமானது. ஆனால் பின்கட்டுச் சுவரும் அதே ஈரத்தைத்தான் நிலத்திலிருந்து உறிஞ்சுகிறது. 18-ஆம் நூற்றாண்டுச் சுவருக்கு ஈரத்தடுப்பு அடுக்கு கிடையாது. நிலத்து ஈரம் உப்போடு ஏறும், சுண்ணாம்புப் பூச்சு வழியாக ஆவியாகும், உப்பு மேற்பரப்பில் பூக்கும், துடைத்துவிடலாம். சிமெண்ட் பூசினால் ஆவியாக வழியில்லை. ஈரம் சிமெண்ட் முடியும் உயரத்துக்கு மேலே ஏறி, அங்கே இருக்கும் நல்ல பூச்சைத் தள்ளும். உப்பு கல்லுக்குள்ளேயே படிகமாகி மணற்கல்லைப் பொடியாக்கும். கல் இணைப்புகளில் சிமெண்ட் அடைத்தால் இன்னும் மோசம்: இணைப்பு கல்லைவிடக் கடினமாகிவிடும், தேய்வது கல்.

அதற்காகப் பழைய சிமெண்ட்டை எல்லாம் உடைக்கவும் சொல்ல மாட்டேன். கல்லோடு இறுகப் பிடித்துக்கொண்டு, சுற்றிலும் உப்பு பூக்காமல் இருந்தால் விட்டுவிடுங்கள். பிடிவாதமாகக் கொத்தினால் கல்லின் முகமும் சேர்ந்து வரும். தட்டினால் பொள்ளல் ஓசை வருவதை மட்டும் எடுத்தால் போதும். உப்பு ஏறிய கல்லுக்குக் காய்ச்சி வடித்த நீரில் குழைத்த காகிதக்கூழ் பற்று. காய்ந்ததும் உரித்து மறுபடி போட வேண்டும், இரண்டு மூன்று முறை.

வட்டிக்கு விடை கட்டம் கட்டமாகத் திறப்பது. ராஜஸ்தானின் நீம்ராணாக் கோட்டை 1464-ல் எழுந்தது. இடிபாடாகக் கிடந்ததை 1986-ல் வாங்கி, 1991-ல் சில அறைகளோடு திறந்து, பிறகு வருடா வருடம் சேர்த்தார்கள். இதற்கு நேர் எதிர்ப் பாதை ஹைதராபாத் ஃபலக்னுமா அரண்மனை. ஏறக்குறையப் பத்து ஆண்டு சீரமைப்பு, 2010 நவம்பரில்தான் திறப்பு. அது பெரிய நிறுவனத்தின் மூலதனம் இருந்தால்தான் முடியும்.

#8 ஏட்டுச்சுவடி

ஒரு வரலாற்றுத் திருத்தம். "1971-ல் மன்னர் மானியம் போனதும் அரண்மனைகள் ஹோட்டல் ஆயின" என்று எல்லா இடத்திலும் எழுதுகிறார்கள். ஜெய்ப்பூர் ராம்பாக் 1957-லேயே ஹோட்டல். உதய்பூர் பிச்சோலா ஏரியின் ஜக் நிவாஸ் அரண்மனை 1963-ல். மானியம் இருந்த காலத்திலேயே இவ்வளவு பெரிய வீட்டைக் காப்பாற்ற முடியாது என்று கணக்குப் போட்டவர்கள் இருந்திருக்கிறார்கள். மானியத்தை ஒழித்த 1971-ன் 26-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் மற்றவர்களுக்கும் வேறு வழியில்லாமல் செய்தது.

இந்த இழைக்கு இதைவிட முக்கியமானது கட்டடத்தின் வயது. ஜோத்பூர் உமைத் பவன் 1929-ல் தொடங்கி 1943-ல் முடிந்தது, கட்டடக்கலைஞர் லான்செஸ்டர். தரைக்கடியில் நீச்சல்குளம் வரை அதன் முதல் வரைபடத்திலேயே உண்டு. மைசூர் லலிதா மகால் 1921-ல் வைஸ்ராய் தங்குவதற்கென்றே கட்டத் தொடங்கியது. இவற்றை ஹோட்டல் ஆக்குவது எளிது. ஜக் நிவாஸ் 1743-46 காலத்தது, அதுவும் தீவு. விருந்தாளி, காய்கறி, சலவைத்துணி எல்லாம் படகில் வர வேண்டும், கழிவு ஏரியில் விழவும் கூடாது. இருபதாம் நூற்றாண்டு அரண்மனையின் செலவை வைத்து 18-ஆம் நூற்றாண்டு மாளிகைக்கு மதிப்பீடு போடுவதுதான் பல திட்டங்கள் பாதியில் நிற்கக் காரணம் என்பது என் கருத்து.

தமிழ்நாட்டில் ஏன் இந்த வகை குறைவு என்று அடிக்கடி கேட்பார்கள். இன்றைய தமிழ்நாட்டு எல்லைக்குள் தனி சமஸ்தானமாக இருந்தது புதுக்கோட்டை. அதன் அரண்மனை இன்று மாவட்ட ஆட்சியர் அலுவலகம். ஜமீன்கள் 1948-ஆம் ஆண்டு ஒழிப்புச் சட்டத்தோடு வருமானம் இழந்தன. ஊட்டி ஃபெர்ன்ஹில் மைசூர் உடையார்களின் கோடை மாளிகை. செட்டிநாட்டு வீடுகள் வணிகர்களுடையவை, ஆனாலும் மரபு ஹோட்டல் வகைக்குள் வரும்.

#9 கணக்குப்பிள்ளை

அந்தக் கடைசி வரியிலிருந்து தொடர்கிறேன். மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் மரபு ஹோட்டல் வகைப்பாட்டில் 1950-க்கு முன் கட்டிய அரண்மனை, கோட்டை, வேட்டை மாளிகை, ஹவேலி (முற்றம் வைத்த பெரிய வீடு), வீடு எல்லாம் சேரும். குறைந்தது 5 அறை இருக்க வேண்டும். அடிப்படை, கிளாசிக், கிராண்ட் என்று மூன்று படி. புதிதாகச் சேர்க்கும் பகுதி மொத்தக் கட்டடப் பரப்பில் பாதியைத் தாண்டக்கூடாது, பழைய பாணியோடு பொருந்தவும் வேண்டும். தோட்டத்தில் புதுக் கட்டடம் எழுப்பி அறை எண்ணிக்கையை ஏற்ற நினைப்பவர்கள் இதை முதலில் படிக்கட்டும்.

மூன்று இடத்தில் தவறு நடக்கிறது, அதில் இரண்டு வரி பற்றியவை.

1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 10(19ஏ) பிரிவு, முன்னாள் ஆட்சியாளர் குடியிருக்கும் ஓர் அரண்மனையின் ஆண்டு மதிப்புக்கு (அது ஈட்டக்கூடிய ஆண்டு வாடகைக்கு) விலக்கு தந்தது. ஒரு பகுதியை வாடகைக்கு விட்டாலும் விலக்கு முழுமைக்கும் உண்டு என்று கோட்டா வழக்கில் 2016-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இதைக் காட்டி ஹோட்டல் வருமானத்துக்கே வரி இல்லை என்று நம்புகிறவர்கள் உண்டு. ஹோட்டல் நடத்துவது வியாபார வருமானம். டிகானா மாளிகைகளுக்கு அந்தப் பிரிவு முதலிலேயே பொருந்தாது.

ஜிஎஸ்டியில் 7,500 ரூபாய்க்கு மேல் போகும் அறைக்கு 18 விழுக்காடு. சீரமைப்புச் செலவுக்குக் கட்டிய ஜிஎஸ்டியை அதில் கழித்துக்கொள்ளலாம் என்று திட்டம் போடாதீர்கள். அசையாச் சொத்தின் புதுப்பிப்பைக் கணக்கில் மூலதனமாக ஏற்றினால், ஜிஎஸ்டி சட்டத்தின் 17(5) பிரிவு அப்படிக் கழித்துக்கொள்வதைத் தடுக்கிறது. மெத்தை, ஏசி, சமையலறைக் கருவி போன்றவற்றின் விலைப்பட்டியலை ஒப்பந்ததாரரின் மொத்தப் பில்லோடு கலக்காமல் தனியாக வாங்குங்கள்.

மூன்றாவது வரி பற்றியது அல்ல, ஆனால் எல்லாவற்றையும் நிறுத்தக்கூடியது: இடம். மத்தியப் பாதுகாப்பில் உள்ள நினைவுச்சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானத்துக்குத் தடை, அதற்கு அப்பால் இன்னும் 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. பழுதுபார்ப்புக்கும் அனுமதி வேண்டும். டேப் பிடித்து அளந்துவிட்டு முன்பணம் கொடுங்கள். கூட்டுக்குடும்பச் சொத்தாக இருந்தால் எல்லாப் பங்குதாரர் கையெழுத்தும் வாங்காமல் ஒரு செங்கல்லும் நகர்த்த வேண்டாம்.

#10 குளிர்காற்று

ஏசி பற்றி இன்னும் யாரும் தொடவில்லை.

6 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், 6 மீட்டர் உயரம் என்றால் 216 கன மீட்டர். சாதாரண ஹோட்டல் அறையைவிட மிகப் பெரிது. ஆனால் அத்தனை காற்றையும் குளிர்விக்கத் தேவையில்லை. ஆள் இருப்பது கீழ் இரண்டரை மீட்டரில். தரையில் நிற்கும் கருவியை ஜன்னல் திண்ணைப் பலகைக்குள் வைத்துக் கீழ்க்காற்றை மட்டும் குளிர்வியுங்கள், வெப்பம் மேலே தங்கட்டும். அந்த உயரத்தைக் கட்டியவர்கள் அதற்காகத்தான் கட்டினார்கள். பொய்க்கூரை போட்டு ஓவியத்தை மறைப்பது இரட்டை நட்டம்.

மழைக்காலத்தில்தான் ஆபத்து. 18 டிகிரியில் ஓடும் அறையின் கதவைத் திறந்தால் ஈரக்காற்று உள்ளே வந்து, குளிர்ந்த சுவரில் வியர்க்கும். ஓவியமுள்ள சுவரில் அந்த நீர்த்துளி நிறமியைப் பெயர்க்கும். 24-க்குக் கீழே இறங்காதபடி கருவியைப் பூட்டிவைக்கலாம். காற்று ஓவியத்தின்மேல் நேராகப் படக்கூடாது. ஏசியின் ஒழுகுநீர்க் குழாய்க்கு 100-க்கு 1 சரிவு வேண்டும். அதை மறந்ததால் கறைபட்ட சுவர்கள் கழிவுக் குழாயால் கெட்ட சுவர்களைவிட அதிகம்.

மின்சாரம்: அறைக்கு ஏசி, கெய்சர், மற்றவை சேர்த்து 4 கிலோவாட் என்றால் 22 அறைக்கு 88. சமையலறை, சலவை, பம்பு தனி. எல்லாம் ஒரே நேரத்தில் ஓடாது என்று தள்ளுபடி போட்டாலும் தனி டிரான்ஸ்பார்மர் தேவைப்படும். பழைய மரப்பட்டி வயரிங்கை அழகுக்காக வைத்துக்கொள்ளலாம், மின்சாரம் அதில் ஓடக்கூடாது.

#11 வரவேற்பறை

நடத்துகிற பக்கத்திலிருந்து இரண்டு விஷயம்.

அறை எண்ணிக்கையில் நீர்வழியோடு கொஞ்சம் மாறுபடுகிறேன். குழாய் வசதியாக இருக்கிறதென்று பெரிய அறைகளை இரண்டாக வெட்டி 22 ஆக்க வேண்டாம். அரண்மனை ஹோட்டலுக்கு வருகிறவர் அந்த விரிவுக்குத்தான் பணம் தருகிறார். 16 அறை, நல்ல விலை, இரண்டு முற்றமும் விருந்துக்கு. ராஜஸ்தானில் அக்டோபர் முதல் மார்ச் வரைதான் சீசன். கோடையில் 22 அறையும் காலியாகத்தான் இருக்கும்.

அந்தக் காலியை நிரப்பத்தான் எல்லோரும் கல்யாணத்துக்குப் போகிறார்கள். ஒரு கல்யாணம் ஒரு மழைக்காலத்தை விட அதிகம் சேதம் செய்யும். ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்: சுண்ணாம்புச் சுவரில் ஆணியும் கிடையாது, ஒட்டும் டேப்பும் கிடையாது; டேப்பை உரித்தால் மேல்தோல் கூடவே வரும். அலங்காரம் எல்லாம் தானே நிற்கும் சட்டத்தில். செண்டுமல்லி ஈரத்தோடு பளிங்கில் கிடந்தால் மஞ்சள் கறை இறங்கும், அன்றிரவே அள்ள வேண்டும். மணற்கல் எண்ணெயை உறிஞ்சினால் வெளியே எடுக்க முடியாது. பந்திக் கூடத்தில் தரைவிரிப்பு கட்டாயம், அடுப்பு கட்டடத்துக்கு வெளியே. கண்ணாடி பதித்த ஷீஷ் மகால் பக்கத்தில் பெரிய ஒலிபெருக்கி வைத்தால் தளர்ந்த கண்ணாடித் துண்டுகள் உதிரும்.

#12 இரும்புக்கம்பி

கட்டம் கட்டமாகத் திறப்பது என்ற பதிலை ஏற்கிறேன். தீ பாதுகாப்பை யாரும் சொல்லவில்லையே? இந்த மாளிகைகளில் ஒரே படிக்கட்டுதான், அதுவும் பகைவர் ஏறக்கூடாது என்று குறுக்கி, வளைத்துக் கட்டியது. புகை வந்தால் அதுவே புகைபோக்கி. பின்கட்டில் இரும்புப் படிக்கட்டு ஒன்று, ஒவ்வொரு தளத்திலிருந்தும் அதற்குக் கதவு. சுவரைத் துளைக்காமல் கம்பியில்லாப் புகை உணரிகள். சமையலறையும் சலவையும் தங்கும் கட்டடத்தில் இருக்கவே கூடாது.

#13 மதில்மேல்

அனைவருக்கும் நன்றி. வரிசை புரிந்தது: முதலில் அளவெடுப்பும் சொத்துச் சிக்கலும், பிறகு கூரைப் பாரம், குழாய் இறங்கும் இடம், அதை ஒட்டி அறைப் பிரிப்பு. கடைசியாக ஒன்று. ஓவியச் சுவர் உள்ள அறையில் குளியலறை வைத்தே ஆக வேண்டுமென்றால்?

#14 நீர்வழி

@வரவேற்பறை, 16 என்பதை ஒத்துக்கொள்கிறேன். குழாய்க்கும் அதுவே நல்லது.

@மதில்மேல், அந்த அறையில் குளியலறையை ஒரு பெட்டியாக, சுவரைத் தொடாமல் நடுவில் நிறுத்துங்கள். நான்கு பக்கமும் ஆள் நுழைந்து பார்க்கும் அளவுக்கு, குறைந்தது 60 செ.மீ. இடைவெளி. பெட்டியின் உயரம் 2.4 மீட்டர் போதும், மேலே அறையின் கூரை முழுதாகத் தெரியட்டும். ஆனால் பெட்டிக்குத் தனி மூடி வேண்டும். இல்லையென்றால் சுடுநீர் ஆவி அத்தனையும் ஓவியத்துக்குப் போகும். ஆவியை இழுக்கும் மின்விசிறியை விளக்கோடு இணைத்து, விளக்கு அணைந்த பிறகும் 15 நிமிடம் ஓடுமாறு வையுங்கள். நீர்த்தடுப்புப் பூச்சு பெட்டியின் உட்சுவரில் ஷவர் உயரம் வரை ஏற வேண்டும். டைல் ஒட்டுவதற்கு முன் தரையில் 5 செ.மீ. தண்ணீர் கட்டி 48 மணி நேரம் விடுங்கள், கீழ் அறையில் ஆள் நின்று பார்க்கட்டும். நீர்மட்டத்தைப் பென்சிலால் குறித்துவைத்து, ஆவியாகும் அளவை ஒப்பிடப் பக்கத்தில் ஒரு தட்டிலும் அதே ஆழத்துக்குத் தண்ணீர் வையுங்கள். தட்டில் குறைந்ததைவிடத் தரையில் அதிகம் குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது. டைல்காரரைத் திருப்பி அனுப்பிவிட்டு, முதலில் குழாய் தரையைத் துளைக்கும் இடத்தைப் பாருங்கள்.